தலைக்கு இவ்வளவு!

மதுரையிலிருந்து ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஐ.டி. பூங்காவுக்கும் ஆள் அனுப்பும் மேனேஜர்களின் சம்பளம் எங்கிருந்து வருகிறது, எங்கே கரைகிறது?

காலை ஐந்தரை மணி. செக்கானூரணி பஸ் நிறுத்தம். டீக்கடை பாய்லரில் தண்ணீர் இப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் முதல் பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்குகிறார்கள். கையில் தூக்குவாளி, தோளில் துணிப்பை, இன்னும் காயாத தலைமுடி. ஓரமாக நிற்கும் வேனில் ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் போகிற வேன் அது. ஷிப்ட் ஏழு மணிக்கு.

வேன் படியருகே நிற்கும் இளைஞர், ஏறுகிறவர்களை விரல் மடக்கி எண்ணுகிறார். முப்பது பேர் வர வேண்டும். இருபத்தாறு பேர்தான் வந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவர் வீட்டில் துக்கம். இரண்டு பேர் போனை எடுக்கவில்லை. "அக்கா, வந்துர்றீங்களா?" என்று எடுக்காத போனுக்கே மறுபடி மறுபடி பேசிப் பார்க்கிறார். ஐந்தே முக்காலுக்கு அவருடைய போன் அடிக்கிறது. மறுமுனையில் மேலதிகாரி. "எத்தனை?" என்ற ஒற்றைக் கேள்வி. "இருபத்தாறுண்ணே" என்று இவர் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது.

நான்கு பேர் வராததால் ஆலையில் நான்கு மெஷின் நிற்கும். ஆள் அனுப்பும் நிறுவனம் நான்கு பேருக்குப் பில் போட முடியாது. பல் துலக்கியும் துலக்காமலும் போனைப் பிடித்திருக்கும் மேனேஜரின் இந்த மாத ஊக்கத்தொகையிலும் நான்கு தலை குறையும்.

சூப்பர்வைசர், ஃபீல்டு ஆபீசர், சைட் இன்சார்ஜ், ஆபரேஷன்ஸ் மேனேஜர், கிளை மேலாளர் என்று பெயர் பலவிதம். வேலை ஒன்றுதான். வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய எண்ணிக்கையில் ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இலந்தைக்குளத்து எல்காட் வளாகத்தின் வரவேற்பறை, மருத்துவமனை வார்டுகளின் தரை, மாசி வீதி ஜவுளிக்கடைகளின் தீபாவளிக் கூட்டம், தோப்பூரில் எழும்பும் எய்ம்ஸ் கட்டடம் என எங்கே பார்த்தாலும் ஆட்களுக்குப் பின்னால் இப்படி ஒரு மேனேஜர் இருக்கிறார். மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ., எம்.பி.ஏ. படித்துவிட்டு மனிதவளத் துறைக்குள் நுழையும் பிள்ளைகளில் பலருக்கு முதல் வேலை இதுதான். பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று தொடங்குகிறது. நான்கைந்து வருடம் தாக்குப்பிடித்து மேனேஜர் என்ற பெயர் வாங்கினால் முப்பதோ நாற்பதோ. அதே வேலைக்கு ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இன்னும் கூடக் கிடைக்கும்.

அந்த முப்பதாயிரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், செக்கானூரணியில் அந்தக் குரல் ஏன் இறங்கியது என்பதும் புரிந்துவிடும்.

671 ரூபாய்

ஆள் அனுப்பும் நிறுவனம் எந்தப் பொருளையும் தயாரிப்பதில்லை. அதன் வருமானம் முழுவதும், ஒரு தொழிலாளியின் சம்பளத்துக்கு மேல் அது வாங்கும் சேவைக் கட்டணம்தான். மத்திய அரசு அலுவலகங்கள் 'ஜெம்' என்ற இணையச் சந்தை வழியாக ஆள் எடுக்கும்போது, இந்தக் கட்டணத்துக்கு 3.85 சதவீதம் என்று ஒரு தரைமட்டம் உண்டு. அதற்குக் கீழே யாரும் விலை கேட்க முடியாது. ஆனால் பெரும்பாலான போட்டிகளில் எல்லோரும் சரியாக அந்தத் தரையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அடிமட்ட விலையாக வைத்தது சந்தை விலையாகவே ஆகிவிட்டது.

பெட்டிச் செய்தி
ஒரு தலையின் கணக்கு
ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து பி.எஃப். 12 சதவீதம் (1,680), இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் (105) போனால் வீட்டுக்குப் போவது 12,215. முதலாளி தரப்பில் பி.எஃப். நிர்வாகக் கட்டணம், காப்பீடு உட்பட 13 சதவீதம் (1,820), இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் (455), போனஸ் 8.33 சதவீதம் (1,166). ஆக மொத்தம் 17,441. இதில் 3.85 சதவீதம் 671 ரூபாய். நூறு பேருக்கு மாதம் 67,100. இதற்கு மேல் பில் தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

671 ரூபாய் என்பது சின்ன ஊர்க் கான்ட்ராக்ட்காரரின் கதை மட்டும் இல்லை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டீம்லீஸ், நாட்டின் மிகப் பெரிய ஸ்டாஃபிங் நிறுவனங்களில் ஒன்று. அதற்கும் ஒரு தொழிலாளிக்கு மாதம் கிடைக்கும் கட்டணம் அறுநூறு, எழுநூறு ரூபாய் அளவில்தான் இருந்து வருகிறது. 2024-25 நிதியாண்டில் அதன் வருவாய் 11,000 கோடி ரூபாயைத் தாண்டியது; நிகர லாபம் சுமார் 110 கோடி. நூறு ரூபாய் கை மாறினால் ஒரு ரூபாய் மிச்சம். லட்சக்கணக்கான ஆட்களை வைத்திருப்பவர்கள் அந்த ஒரு ரூபாயில் நிறுவனம் நடத்திவிடலாம். நூறு, இருநூறு ஆட்களை வைத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

நூறு பேருக்கான 67,100 ரூபாயைப் பாருங்கள். கம்பெனியாகப் பதிந்த ஒப்பந்ததாரர் என்றால், பில் பட்டுவாடாவாகும்போதே வருமான வரிக்காக 2 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். பில் பதினெட்டு லட்சத்துச் சொச்சம். பிடித்தம் 36,000 சொச்சம். கணக்குத் தாக்கல் செய்து அது திரும்ப வரும்வரை கையில் சுழல்வது 31,000 ரூபாய்தான். சூப்பர்வைசர் சம்பளம், வேன் வாடகை, சீருடை, அலுவலக வாடகை, ஆடிட்டர், கடைசியில் மேனேஜர் எல்லாம் அந்தப் பணத்துக்குள் அடங்க வேண்டும்.

நூறு தலையை வைத்து முப்பதாயிரம் ரூபாய் மேனேஜருக்குச் சோறு போட முடியாது. முந்நூறு, நானூறு, ஐந்நூறு தலைகளை அவர் தலையில் கட்டினால்தான் அந்தச் சம்பளம் கட்டுப்படியாகும். ஆகவே அவருடைய படிப்பும் அனுபவமும் சம்பளத்தைத் தீர்மானிப்பது குறைவு. அவர் பெயருக்கு நேரே எத்தனை ஆள் என்பதே முதலில் தீர்மானிக்கிறது. ஐந்நூறு பேரின் பி.எஃப். பெயர்த் திருத்தம், ஆதார் இணைப்பு, இ.எஸ்.ஐ. அட்டை, அட்வான்ஸ், சண்டை, பிரசவம், விபத்து எல்லாம் ஒரே செல்போனுக்குள் வந்து விழுகின்றன. வேலை கூடுவதற்கான காரணமும் சம்பளம் கூடுவதற்கான காரணமும் ஒன்றேயாக இருக்கும் வேலை இது. சம்பளம் கூடுவதைவிட வேலை வேகமாகக் கூடும்.

பெரட்டுக்களத்துத் தலைக்காசு

இந்தக் கணக்கு நம் மண்ணுக்குப் புதிது அல்ல. மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போன கங்காணிக்கும் இதே முறையில்தான் வரும்படி. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு எத்தனை பேர் வந்து நின்றார்களோ, அத்தனைக்கும் தலைக்காசு. ஊரிலிருந்து கூட்டிவந்த செலவெல்லாம் ஆள் பேரில் கடன். தோட்டம் மாறினால் அந்தக் கடனை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கூலியைவிடத் துண்டு பெரிதாக இருந்த குடும்பங்கள் தலைமுறைக்கும் மலையைவிட்டு இறங்கவில்லை. 1921-ல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். 1938-ல் மலேயாவுக்கும், அடுத்த ஆண்டு இலங்கைக்கும் கூலியாட்கள் போவதை இந்திய அரசு நிறுத்தியது.

காய்ச்சலில் கிடப்பவரையும் கங்காணி பெரட்டுக்களத்துக்கு இழுத்து வந்தார் என்று மலையகத்துப் பெரியவர்கள் கோபத்தோடு சொல்வார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காசு ஆளின் உடம்புக்கோ வேலையின் தரத்துக்கோ கொடுக்கப்படவில்லை. வந்து நின்ற தலைக்குத்தான் கொடுக்கப்பட்டது. கங்காணியை நல்லவராக மாற்றிவிட்டு அதே தலைக்காசை வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பஞ்சாலைகளிலும் இதே கதைதான். ஆளை எடுப்பது, நீக்குவது, லீவு கொடுப்பது எல்லாம் மேஸ்திரி கையில். தொழிலாளர் நிலையை ஆராய 1929-ல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன், 1931-ல் தந்த அறிக்கையில் அந்த அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து, மாதச் சம்பளம் வாங்கும் லேபர் ஆபீசரிடம் கொடுக்கச் சொன்னது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு பேர் வேலை பார்க்கும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. மதுரையில் சமூகப்பணிப் பட்டதாரிகளுக்கு ஆலைக் கதவு திறந்தது இந்தப் பாதையில்தான். மேஸ்திரியின் தரகுக் கூலியிலிருந்து அலுவலரின் நிலையான சம்பளத்துக்கு வந்து சேர ஐம்பது, அறுபது வருடம் பிடித்தது. ஒப்பந்த முறை பெருகிய பிறகு அந்தப் பட்டதாரியே மறுபடி தலைக்கணக்குக்கு வந்து நிற்கிறார். இருபது வருடத்துக்கு முன் திண்டுக்கல், மதுரை, விருதுநகர் கிராமங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட தரகர்களுக்கும் பிள்ளைக்கு இவ்வளவு என்றுதான் கமிஷன்.

ஓர் இன்ஜினீயரும் எழுபத்தைந்து மாதமும்

ஆள் எடுக்கும் மேனேஜர் எல்லோருக்கும் இதே கதி இல்லை. எந்தக் கதவுக்கு ஆள் அனுப்புகிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

நிரந்தர வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் பரவலாக வாங்கும் கட்டணம், சேர்ந்தவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். வருடம் ஆறு லட்சத்துக்கு ஓர் இன்ஜினீயரைச் சேர்த்துவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய். அதே ஐம்பதாயிரத்தைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் மூலம் சம்பாதிக்க, மாதம் 671 வீதம் எழுபத்தைந்து மாதம் ஆகும். ஆறே கால் வருடம். ஆகவே இலந்தைக்குளத்துக்கும் வடபழஞ்சிக்கும் ஆள் தேடும் ரெக்ரூட்டரின் ஊக்கத்தொகையும், ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் நிறுத்தும் மேனேஜரின் ஊக்கத்தொகையும் ஒரே தராசில் நிற்காது. மாட்டுத்தாவணியில் 314 கோடி ரூபாயில் டைடல் பார்க் அமைக்க 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது, இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் முகத்தில் மலர்ச்சி தெரிந்ததற்குக் காரணம் இதுதான். அந்த வளாகம் நிரம்பினால் 671 ரூபாய் உலகத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் உலகத்துக்குத் தாவலாம், மதுரையை விட்டு நகராமலே.

ஆனால் அந்த உலகத்திலும் பள்ளம் உண்டு. சேர்த்துவிட்டவர் மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டுப் போனால் இன்னொருவரைக் கட்டணமில்லாமல் சேர்த்துத் தர வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ரெக்ரூட்டர் போன மாதம் வாங்கிய ஊக்கத்தொகை இந்த மாதச் சம்பளத்தில் பிடித்தமாகும். ஆஃபர் லெட்டர் வாங்கிக்கொண்டு சேராமல் போகும் பிள்ளைகள் ரெக்ரூட்டரின் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பவர்கள்.

கீழ்மட்ட வேலைகளிலும் விலையை ஏற்றும் சங்கதிகள் உண்டு. இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்தவருக்குக் கட்டுமானத் தளங்களில் மதிப்பு அதிகம். மதுரையைச் சுற்றிய கட்டட வேலைகளில் பிகாரும் ஒடிசாவும் மேற்கு வங்கமும் பாதிக்கு மேல் உழைக்கும் இடங்களில், மேஸ்திரியோடு நேராகப் பேசக்கூடிய ஆள் இல்லையென்றால் வேலை நகராது. காவலாளி அனுப்பும் நிறுவனத்துக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்தக் காகிதங்களைச் சரியாக வைத்திருக்கத் தெரிந்தவருக்குத் தனி மரியாதை. லேபர் ஆபீஸ் ஆய்வுக்கு வந்தால் எந்தப் பதிவேட்டை எடுத்து வைப்பது என்று தெரிந்தவரை எந்த நிறுவனமும் சுலபத்தில் விடுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் தொழிலாளிக்கு உடம்பு முடியாமல் போனால் விடுதிக்குப் போய் நிற்கும் பெண் மேனேஜர்களுக்கு, அந்த வேலைக்காகத் தனியாக எதுவும் கிடைப்பதாக நான் எங்கும் பார்க்கவில்லை. கிடைத்தாக வேண்டும்.

இதே மதுரையில் வேறு வழியில் ஆள் சேர்த்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரடியாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் தானே பயிற்சி கொடுத்து, தன் பணியாளர்களாகவே வைத்துக்கொள்கிறது. அங்கே நோயாளியை அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்வதில் தொடங்கி கண்ணாடி பொருத்துவது வரை அந்தப் பெண்களின் கைதான். கிராமத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே தலைக்கணக்குப் பார்க்கும் தரகர் இல்லாமலே ஒரு பெரிய நிறுவனம் ஓட முடியும் என்பதைப் பார்க்க அண்ணாநகர் வரை போனால் போதும்.

பில் எப்ப வரும்?

மேனேஜரின் சம்பளத்தை உண்மையில் கடித்துத் தின்பது தாமதம்.

தொழிலாளிக்கு 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும். 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், பில் போட்டாலே வரி சேரும், பணம் வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஆளைப் பயன்படுத்திய நிறுவனமோ அலுவலகமோ பில்லைக் கொடுக்க இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். நம் நூறு பேர் கணக்கில், சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மட்டும் மாதம் 16,27,500 ரூபாய். அதை வருடம் 12 சதவீத வட்டிக்கு வாங்கி இரண்டு மாதம் காத்திருந்தால் வட்டி 32,550. கையில் சுழன்றது எவ்வளவு? 31,000. மேனேஜருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை வட்டியே விழுங்கிவிட்டது.

இதோடு முடியவில்லை. தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பங்கை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர்களுக்கு அது சரியான அடி. ஆனால் பில் வராமல் தவிக்கும் சின்ன ஒப்பந்ததாரருக்கும் அதே அடிதான். அவர் எந்தச் செலவை முதலில் தள்ளிப்போடுவார்? உடனே யாரும் கேள்வி கேட்காத செலவை. மேனேஜருடைய, சூப்பர்வைசருடைய சம்பளத்தை.

இதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது. 2006-ன் சிறு, குறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவுபெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்தது. சிறு நிறுவனத்துக்குக் காலத்தில் கொடுக்காத பணத்தை, கொடுக்கும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது. ஆனால் வருமான வரியே கட்டாத அரசு அலுவலகத்தை அந்தப் பிடி பிடிக்காது. தனியார் ஆலையிடம் வட்டி கேட்டு மனுப் போட்டால் அடுத்த வருட ஒப்பந்தம் போய்விடும் என்ற பயம் வேறு. மருந்து அலமாரியில் இருக்கிறது, யாரும் எடுத்துக் குடிப்பதில்லை.

விசிட்டிங் கார்டில் மேனேஜர்

ஐந்நூறு தொழிலாளர்களின் சட்டப் பாதுகாப்பைக் காகிதத்தில் காப்பாற்றும் இந்த ஆளுக்கு என்ன பாதுகாப்பு?

தொழிலாளி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அந்த எல்லைக்கு வெளியே. மேற்பார்வைப் பணி என்றால், புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் வெளியே. செக்கானூரணியில் வேன் படியில் நிற்கும் இளைஞரின் சம்பளம் 18,500 ஆனால், காரணம் சொல்லாமல் வேலையைவிட்டு அனுப்பினாலும் தொழிலாளர் நீதிமன்றப் படி ஏறுவது கடினம். கார்டில் என்ன பதவி அச்சடித்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன என்பது ஒன்றுதான் அவருக்கு இருக்கும் பிடிமானம். எனவே தம்பி, தங்கைகளே, தினமும் நீங்கள் செய்யும் வேலையைத் தேதியோடு எழுதி வையுங்கள். யாரை வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் உங்களுக்கு அதிகாரம் இருந்ததா, லீவு கொடுக்க அதிகாரம் இருந்ததா என்பதுதான் நாளைக்கு முதல் கேள்வியாக வரும்.

பெட்டிச் செய்தி
21 நவம்பர் 2025-க்குப் பிறகு
நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அன்று நடைமுறைக்கு வந்தன. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருபது பேர் வைத்திருக்கும் ஒப்பந்ததாரரிலிருந்து தொடங்கியது. புதிய தொகுப்பு ஐம்பது பேரிலிருந்துதான் தொடங்குகிறது. சம்பளத்தைப் படி, அலவன்ஸ் என்று பிரித்து அடிப்படையைக் குறைத்துக் காட்ட முடியாதபடி, பாதிக்கு மேல் போகும் படிகள் கூலிக் கணக்கில் சேரும். குறித்த காலப் பணியாளருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை.

இன்னொரு விஷயம் வெளியே தெரியாதது. ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கை மாறும்போது தொழிலாளிக்குச் சட்டையின் நிறம் மாறும். பழைய இடத்திலேயே துடைப்பத்தைப் பிடிப்பார். பழைய நிறுவனத்தின் மேனேஜருக்கு அந்த இடமே இல்லாமல் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிறுவனம் மாறிக்கொண்டிருப்பவருக்கு, நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருடம் ஒரே நிறுவனத்தில் இருந்தால்தான் கிடைக்கும் பணிக்கொடை எப்படிக் கைக்கு வரும்?

குறைச்சல் எங்கே போய் விழுகிறது?

மேலே எழுதியதெல்லாம் மேனேஜரின் கஷ்டம். அதைவிடப் பெரிய கஷ்டம் அவருக்குக் கீழே இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை.

671 ரூபாயில் எல்லாம் அடங்காதபோது கை எங்கே நீளும்? வங்கிக் கணக்கில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு ஆயிரமோ இரண்டாயிரமோ ரொக்கமாகத் திரும்ப வாங்குவது. சீருடைக்கு, செருப்புக்கு, வேனுக்குப் பிடிப்பது. வேலைக்குச் சேர 'டெபாசிட்' கேட்பது. இருபத்தாறு நாள் வேலை பார்த்தவருக்கு இருபத்து மூன்று நாள் போடுவது. இவற்றைச் செய்யச் சொல்லி மேலிருந்து வாய்மொழியாக வரும். கையால் செய்வது மேனேஜர். மாட்டிக்கொள்பவரும் அவர்.

தமிழ்நாட்டில் 1981-ல் வந்த ஒரு நல்ல சட்டம், இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தகுதிக்கு உரியவர் என்கிறது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்து அந்த உரிமையைக் கேட்டுவிடக் கூடாதே என்று நாட்களைக் கணக்கிட்டு ஆளை மாற்றும் வேலையும் இந்த நாற்காலிக்குத்தான் வருகிறது. சூப்பர்வைசர் கையிலிருக்கும் அதிகாரம் பெண் தொழிலாளர்கள் மேல் எப்படி இறங்கும் என்பதைத் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த பெண் 2021-ல் கொல்லப்பட்டது நாட்டுக்கே காட்டியது. அதன் பிறகுதான் 2022 ஏப்ரலில், ஆலையில் பெண்களின் பாதுகாப்புக்கான திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி, இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒரு கண்காணிப்பாளர், அவரும் தொழிலாளர்களில் ஒருவரே என்று அதில் எழுதினார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்ததையும், அதே மாதம் மதுரை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதையும் இந்தக் கண்ணோடுதான் நான் பார்த்தேன். தனியாரிடம் விடாதே, அதற்கு வழிவிடும் அரசாணை 152-ஐ ரத்து செய் என்று சங்கங்கள் கேட்கின்றன. அந்தக் கோரிக்கையின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. நடுவில் ஒரு நிறுவனம் வந்தால் நடுவில் ஒரு மேனேஜரும் வருவார். அவருடைய சம்பளத்துக்கு யாராவது கொடுத்தாக வேண்டும். ஒப்பந்த ஆவணத்தில் அதற்கென்று தனி வரி இல்லாத வரை, அந்தப் பணம் தூய்மைப் பணியாளரின் கூலியிலிருந்து வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அந்தத் தனி வரியைத்தான் நான் கேட்கிறேன். இத்தனை தொழிலாளிக்கு ஒரு சூப்பர்வைசர், இத்தனைக்கு ஒரு மேனேஜர், அவர்களுக்கு இவ்வளவு சம்பளம் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். சேவைக் கட்டணத்தில் போட்டி போடுபவர்கள் அந்தத் தொகையில் கை வைக்க முடியாதபடி செய்யுங்கள். மதுரை மாநகராட்சியும் இங்கிருக்கும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் நினைத்தால் அடுத்த டெண்டரிலேயே செய்துவிடலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

தெற்காவணி மூல வீதி

பல வருடத்துக்கு முன் நானும் பதினொரு மாதம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. இரும்பு பீரோ, மூன்று நாற்காலி, வருகைப் பதிவேடுகள். எங்கள் மேனேஜரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். நூற்றுப் பத்துப் பெண்கள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். ஒவ்வொருவரின் கடைசிப் பிள்ளை எந்த வகுப்பு என்பது வரை தெரிந்து வைத்திருந்தார். ஒரு தீபாவளிக்கு ஆறு நாள் முன்புவரை பில் பணம் வரவில்லை. முதலாளி போனை எடுக்கவில்லை. பெண்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அந்த மௌனத்தில் என்னால் பதிவேட்டைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தம்பி, வண்டிய எடு" என்றார். தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். அடகுக் கடைக்குள் போகும்போது சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்ததை நான் பார்த்தேன். திரும்பி வந்ததும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் என்று பேரேட்டில் எழுதச் சொன்னார். ஒவ்வொரு பெயராக நான் எழுத, ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துத் தெரியாத பதினேழு பேருக்கு மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன்.

பில் பணம் கார்த்திகையில் வந்தது. அண்ணனுடைய இரண்டு மாதச் சம்பளம் பொங்கல் கழிந்துதான் வந்தது. நகையை மீட்டாரா என்று நான் கேட்கவில்லை. அந்த வருடம் சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று தல்லாகுளத்துக் கூட்டத்தில் அவர் குடும்பத்தோடு நின்றார். அண்ணி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.